முத்தும் கடனும்

1917 ஆம் ஆண்டில் நியூயார்க் மாநகரத்தின் ஐந்தாம் அவென்யூவில் ஒரு விந்தையான பண்டமாற்று நடைபெற்றது. மோர்ட்டன் பிளாண்ட் என்னும் அமெரிக்கச் செல்வர் தம்முடைய ஐந்தடுக்கு மாளிகையைக் கார்ட்டியே என்ற பிரெஞ்சு நகை நிறுவனத்தாருக்குக் கொடுத்தார். அதற்கு ஈடாக அவர் பெற்றது நூறு டாலர் பணமும், இரண்டு சரங்கள் கொண்ட ஒரு முத்துமாலையும்! அம்மாலையின் மதிப்பு அன்றைக்குப் பத்து லட்சம் டாலர். அதை அணிந்து மகிழ்ந்த அம்மையார் மறைந்தபின் 1957 ஆம் ஆண்டில் அதே மாலை ஏலத்திற்கு வந்தது. கிடைத்த விலை 1,51,000 டாலர். மாளிகையோ இன்றளவும் அந்த நிறுவனத்தாரின் கடையாகவே விளங்குகிறது.

நகை வணிகர்கள் இந்நிகழ்ச்சியை ஒரு வேடிக்கைக் கதையாகச் சொல்வதுண்டு. நமக்கு அதில் வேடிக்கை தோன்றவில்லை. ஒரு மாலையின் விலை நாற்பதாண்டுகளில் ஆறில் ஒரு பங்காகச் சரிந்தது என்றால், அத்தகைய முத்துக்களைக் கடலடியிலிருந்து எடுத்துவந்தோரின் நிலை என்னவாயிற்று என்ற கேள்வியே நம் உள்ளத்தில் எழுகிறது. விலைமாதரும் விலையும் பற்றி எழுதிக் குவித்த ஐரோப்பிய ஏடுகள் இக்கேள்வியைப் பெரிதாகப் பொருட்படுத்தவில்லை. எண்ணெய் வளத்தால் செழித்த இன்றைய வளைகுடாவைக் காண்போரும் அதை எளிதில் மறந்துவிடுகின்றனர்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உலகச் சந்தைக்கு வந்த உயர்ந்த முத்துக்களில் பெரும்பகுதி பாரசீக வளைகுடாவில் எடுக்கப்பட்டது. ஆங்கில அரசுக்காக அவ்வட்டாரத்தைப் பற்றி விரிவான தகவற் களஞ்சியம் ஒன்றைத் தொகுத்த ஜே. ஜி. லோரிமர், அக்காலத்தில் சுமார் 4,500 மரக்கலங்களும் 74,000க்கு மேற்பட்ட ஆட்களும் முத்துக்குளிப்பில் ஈடுபட்டிருந்தனர் என்று கணக்கிட்டிருக்கிறார். மக்கள்தொகை மிகக் குறைந்த ஒரு கடற்கரையில் இது எத்துணைப் பெரிய எண்ணிக்கை! குவைத்திலிருந்து பஹ்ரைன், கத்தார், அபூதாபி, துபை, ராசல்கைமா வரை உடல்வலிவுள்ள ஆடவர் பெரும்பாலோர் கோடையில் கடல்மீதே இருந்தனர் எனலாம். பேரீச்சந்தோட்டக்காரனும், பாலைவனத்து ஒட்டக மேய்ப்பனும்கூட அந்த நான்கு மாதங்களுக்குக் கடலோடியாக மாறினான். 1860களில் அங்கே பயணம் செய்த பால்கிரேவ் என்ற ஆங்கிலேயரிடம், கத்தாரின் ஆட்சித்தலைவர், தம் நாட்டில் உயர்ந்தோர் முதல் தாழ்ந்தோர் வரை எல்லாருக்கும் முத்து ஒன்றே எசமானன் என்ற கருத்தில் பேசியதாக அவர் குறித்துள்ளார். ஆட்சித்தலைவர் அதை உவமையாகத்தான் சொல்லியிருப்பார். அது உவமையாகவே நின்றுவிடவில்லை என்பதைப் பின்னர்ப் பார்ப்போம்.

பெரிய முத்துக்குளிப்புக் காலம் ஏறத்தாழ சூன் முதல் செப்டம்பர் வரை நீடித்தது. கலத்தின் தலைவருக்கு ‘நாகுதா’ என்று பெயர். மலாய் நாட்டிலும் நம் கடலோரங்களிலும் மரக்கல முதல்வரைக் குறிக்க வழங்கிய சொல்லே இது. கடலுள் மூழ்குவோர் ‘கவ்வாஸ்’. மேலே நின்று கயிறு பிடித்து இழுப்போர் ‘சைப்’. சிறுவர்கள் சிலர் எடுபிடிகளாக ஏறுவர். இவர்களோடு ‘நஹ்ஹாம்’ எனப்பட்ட பாடகர் ஒருவரும் பெரிய கலங்களில் இடம்பெறுவார். இவருடைய தொழில் பாடுவதுதான். பாய் ஏற்றுவதற்கு ஒரு பாட்டு, துடுப்பு வலிப்பதற்கு ஒரு பாட்டு, நங்கூரம் தூக்குவதற்கு ஒரு பாட்டு, இரவில் களைப்பு நீங்க மற்றொரு பாட்டு. நல்ல குரல் படைத்த நஹ்ஹாமைத் தம் கலத்தில் சேர்த்துக்கொள்ள நாகுதாக்கள் போட்டியிட்டனர்.

சுபுஹுத் தொழுகை முடிந்ததும் வேலை தொடங்கிவிடும். சில பேரீச்சம்பழங்களும் ஒரு சுருள் காப்பியுமே காலையுணவு. வயிறு நிறைந்தால் மூச்சடக்க இயலாது. மூக்கில் கொம்பால் செய்த ஒரு கவ்வி, விரல்களில் தோலுறை, கழுத்தில் ஒரு வலைக்கூடை, காலில் கல். இவ்வளவே அவனுடைய கருவிகள். ஒரு கயிறு கல்லுக்கு, மற்றொன்று ஆளுக்கு. பல பாகம் ஆழத்தில் ஏறத்தாழ ஒரு நிமிட நேரம் சிப்பிகளைப் பறித்துக் கூடையில் இட்டுக் கயிற்றை அசைப்பான்; மேலே நிற்பவன் இழுத்துக்கொள்வான். ஒரு நாளைக்கு ஐம்பது முறைக்குமேல் மூழ்குவது வழக்கம். செவிப்பறை கிழிவதும், கண் கெடுவதும், பச்சைக் காய்கறி காணாத உணவால் ஈறு அழுகும் நோய் வருவதும் தொழிலோடு பிறந்தவை. குடிநீரும் அளந்தே தரப்பட்டது. மேலே நிற்பவன் ஒரு கணம் கண்ணயர்ந்தால் கீழே உள்ளவன் உயிர் போய்விடும். ஆதலால் மூழ்குவோன் தன் கயிற்றை யார் பிடிப்பது என்பதில் மிகுந்த கவனம் கொண்டான். தன் உடன்பிறந்தானையோ மைத்துனனையோ அவ்விடத்தில் நிறுத்த விரும்பினான்.

சிப்பிகள் மறுநாள் காலையில் நாகுதாவின் கண்முன்னால் திறக்கப்பட்டன. யார் எடுத்த சிப்பியில் எந்த முத்து இருந்தது என்பது யாருக்கும் தெரியாது. எல்லாம் ஒரே குவியல். ஒருவன் எடுத்த சிப்பியில் அரசன் முடிக்கேற்ற முத்து கிடைத்தாலும் அவனுக்குத் தனிப் பயன் இல்லை.

கரையிலே பெண்கள் இருந்தார்கள். நான்கு மாதம் ஊரில் ஆண்மக்கள் அரிதாகிவிட, தண்ணீர் சுமப்பதிலிருந்து கடைக் கணக்கு வரை குடும்பப் பாரம் முழுவதும் அவர்கள்மேல் விழுந்தது. கலங்கள் திரும்பும் நாள் நெருங்கியும் வராவிடின், குவைத்தில் பெண்கள் கூட்டமாகக் கடற்கரைக்குச் சென்று கடலை ஏசிப் பாடுவார்களாம். எரியும் பேரீச்ச மட்டையைக் கடல் நீரில் தோய்த்து அதற்குச் சூடு போடுவதும் உண்டு. மார்க்க அறிஞர்கள் இவ்வழக்கங்களை விரும்பியிருக்கமாட்டார்கள். எனினும் கணவனையும் மகனையும் கடலுக்குக் கொடுத்துவிட்டு நின்ற பெண்ணின் உள்ளம் எத்துணைக் கொதிப்படைந்திருந்தால் கடலையே தண்டிக்கத் துணிந்திருப்பாள் என்பதை எண்ணிப் பார்க்கவேண்டும். 1972 இல் காலித் அஸ்ஸித்தீக் என்னும் குவைத் இயக்குநர் எடுத்த ‘பஸ் யா பஹர்’ என்ற திரைப்படம் இந்தத் துயரத்தையே பொருளாகக் கொண்டது. ‘போதும், கடலே’ என்பது அப்பெயரின் பொருள்.

இனி, இத்தொழிலின் உள்ளுறுப்பான கடனுக்கு வருவோம்.

முத்துக்குளிப்போர் எவருக்கும் கூலி இல்லை. பருவம் முடிந்து முத்துக்கள் விற்றபின், கலத்தின் பங்கும் உணவுச் செலவும் கழித்து எஞ்சிய தொகையைப் பங்கிட்டனர். மூழ்குவோனுக்கு மூன்று பங்கு, கயிறு இழுப்போனுக்கு இரண்டு பங்கு என்பது பரவலான வழக்கம். கேட்பதற்கு நியாயமாகவே இருக்கிறது. ஆனால் கடலுக்குப் புறப்படுமுன் மனைவி மக்களுக்கு நான்கு மாத உணவு வாங்கி வைத்தாகவேண்டுமே! அதற்காக நாகுதா ஒரு முன்பணம் கொடுத்தார். அதற்கு ‘ஸலஃப்’ என்று பெயர். குளிர்காலத்தில் வேலையில்லாத நாட்களுக்கு இன்னொரு முன்பணம். இவற்றைக் கொடுக்க நாகுதாவிடம் பணம் ஏது? அவர் ஊர் வணிகரிடம் கடன் வாங்கினார். அவ்வணிகர் பம்பாயிலிருந்த பெருவணிகரிடம் வாங்கினார். பம்பாயே அக்காலத்தில் வளைகுடா முத்துக்களைத் தரம் பிரித்துத் துளையிட்டு விற்கும் பெரும் அங்காடி. வளைகுடா முழுவதும் இந்திய ரூபாயே நாணயமாக வழங்கியது. நம் ரிசர்வ் வங்கி 1959 இல் அப்பகுதிக்கென்றே தனி ரூபாய்த்தாள் வெளியிட்டதை மூத்தவர்கள் சிலர் நினைவில் வைத்திருக்கக்கூடும்.

வட்டி மார்க்கத்தில் விலக்கப்பட்டது என்பதை எல்லாரும் அறிந்திருந்தனர். ஆகவே வட்டி என்ற சொல்லை அங்காடிகளில் எவரும் வாயால் சொல்லவில்லை. அதற்குப் பதில், கடனாகக் கொடுக்கும் அரிசிக்கும் துணிக்கும் சந்தை விலையைவிடக் கூடுதலாக விலை வைத்தனர். கடனை அடைக்கத் தரும் முத்துக்குக் குறைத்து விலை போட்டனர். எழுதப் படிக்கத் தெரியாத முத்துக்குளிப்போனுடைய கணக்கு நாகுதாவின் ஏட்டில் மட்டுமே இருந்தது. ஆண்டுதோறும் கடன் வளர்ந்ததே தவிரக் குறையவில்லை. ஒருவர் இறந்தால் அவர் விட்டுச்சென்ற சொத்திலிருந்துதான் கடனை அடைக்கவேண்டும், வாரிசுகளின் உழைப்பைப் பிணைக்க இயலாது என்பது ஷரீஅத்தின் தெளிவான விதி. அங்கேயோ தந்தையின் கடனுக்காக மகன் அதே நாகுதாவின் கலத்தில் ஏறவேண்டியதாயிற்று. நெருக்கடியில் இருக்கும் கடனாளிக்கு அவகாசம் கொடுக்குமாறு கூறும் திருமறையை நாள்தோறும் ஓதிய ஊர்களில்தான் இது நடந்தது. இதைச் சொல்லாமல் விடுவது வரலாற்றுக்குச் செய்யும் துரோகம் என்றே நாம் கருதுகிறோம்.

‘பர்வா’ என்றொரு சீட்டைப் பற்றியும் சொல்லவேண்டும். ஒருவன் ஒரு நாகுதாவை விட்டு இன்னொருவரிடம் சேர விரும்பினால், பழைய நாகுதா கையெழுத்திட்டுத் தரும் பர்வா வேண்டும். அதில் கடன் எவ்வளவு என்று எழுதியிருக்கும். புதியவர் அத்தொகையைக் கொடுத்தால்தான் ஆள் மாறலாம். சீட்டு இல்லாதவனை வேறெவரும் ஏற்கமாட்டார்கள்.

இத்தனையும் சுதந்திரமானவர்களுடைய நிலை. இவர்களுக்கும் கீழே, கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்தும் பின்னாளில் பலூச்சிஸ்தானத்திலிருந்தும் பிடித்து விற்கப்பட்ட அடிமைகள் இருந்தனர். இவர்கள் மூழ்கி எடுத்ததன் பங்கு எசமானர்களுக்கே சென்றது. விடுதலை கோரி இவர்கள் பஹ்ரைன், ஷார்ஜா, பூஷஹர் முதலிய ஊர்களிலிருந்த ஆங்கில அலுவலகங்களில் கூறிய வாய்மொழிகள் லண்டனில் பாதுகாக்கப்பட்டுள்ள பழைய இந்தியா ஆபீஸ் ஆவணங்களில் இன்றும் கிடைக்கின்றன. மாத்யூ ஹாப்பர் என்ற அமெரிக்க வரலாற்றாசிரியர் 2015 இல் இவற்றைக்கொண்டு ஒரு நூலே எழுதியிருக்கிறார். பஹ்ரைனில் 1937, குவைத்தில் 1949, கத்தாரில் 1952 என்று அடிமைமுறை சட்டப்படி ஒழிந்த ஆண்டுகளைப் பார்த்தால், முத்து வணிகம் சாய்ந்த பிறகே இவையெல்லாம் நடந்தன என்பது விளங்கும். அடிமை வணிகத்தை ஒழித்த பெருமையைப் பேசிக்கொண்ட ஆங்கில அரசும் முத்து வருவாய் குறையுமே என்று பல ஆண்டுகள் கண்ணை மூடிக்கொண்டிருந்தது.

1912 ஆம் ஆண்டு முத்து வரலாற்றில் பொற்காலம். ‘பெருக்கெடுத்த ஆண்டு’ என்று வளைகுடா மக்கள் அதற்குப் பெயரிட்டனர். கார்ட்டியே குடும்பத்தைச் சேர்ந்த ஒருவரே நேரில் வளைகுடாவுக்கு வந்து போனார். அச்செல்வத்தில் ஒரு பகுதி நல்வழியிலும் சென்றது. ஜித்தாவைச் சேர்ந்த முத்து வணிகர் முகம்மது அலி ஸைனல், ஜித்தாவிலும் மக்காவிலும் ‘அல் ஃபலாஹ்’ பள்ளிகளை நிறுவினார். துபையில் 1912 இல் அஹ்மதிய்யா பள்ளியைத் தொடங்கியவரும் ஒரு முத்து வணிகரே.

ஆனால் அதே காலத்தில், ஆயிரக்கணக்கான மைல்களுக்கு அப்பால் ஜப்பானில் வேறொன்று முளைத்துக்கொண்டிருந்தது. தோபா என்ற கடற்கரையூரில் நூடுல்ஸ் விற்ற குடும்பத்தில் பிறந்த மிக்கிமோட்டோ கோக்கிச்சி, சிப்பியின் உள்ளே சிறு பொருளைச் செருகி அதன்மேல் முத்துப்படலம் வளரச்செய்ய இயலும் என்று 1893 இல் அரைவட்ட முத்தை உண்டாக்கிக் காட்டினார். முழு உருண்டை முத்துக்களை உண்டாக்கும் முறையைத் தொடர்ந்து அந்நாட்டினர் வேறு சிலரும் கண்டனர். 1921 வாக்கில் இவை லண்டன், பாரிஸ் சந்தைகளுக்கு வந்தபோது வணிகர்கள் ‘போலி’ என்று கூச்சலிட்டனர், வழக்கும் நடந்தது. ஆனால் அது கண்ணாடி மணியன்று. சிப்பி உண்டாக்கிய முத்துத்தான். மனிதன் செய்தது தூண்டிவிட்டது மட்டுமே. அணிபவர்களின் கண்ணுக்கு வேறுபாடு தெரியவில்லை. விலையில்தான் பெரிய வேறுபாடு தெரிந்தது.

1929 இல் அமெரிக்கப் பங்குச்சந்தை விழுந்தது. செல்வர்கள் நகை வாங்குவதை நிறுத்தினர். இரண்டு அடிகளும் ஒருசேர விழுந்தபோது வளைகுடா முத்துத் தொழில் எழுந்து நிற்கவே இயலவில்லை. ஒரு பண்டத்திற்குத் தேவை இருக்கும்வரைதான் அதைச் சார்ந்த கைத்தொழில் சிறக்கும் என்று பதினான்காம் நூற்றாண்டிலேயே இப்னு கல்தூன் எழுதிவைத்தார். அப்பேரறிஞர் சொன்னது நகரங்களின் கைவினைகளைப் பற்றி. ஒரு கடற்கரையின் முழு வாழ்வே ஒற்றைப் பண்டத்தில் தொங்கியிருந்ததை அவர் கண்டிருந்தால் என்ன எழுதியிருப்பாரோ!

சரிவு வந்தபோது மனிதர்கள் எவ்வாறு நடந்துகொண்டனர் என்பதே இவ்வரலாற்றில் நம் கவனத்தை மிகவும் கவர்கிறது. பஹ்ரைனில் 1920களின் நடுப்பகுதியிலேயே ஆட்சியாளரும் ஆங்கில அதிகாரிகளும் முத்துக்குளிப்போரின் கடன் முறையைச் சீர்திருத்தத் தொடங்கியிருந்தனர். ஒவ்வொருவனுக்கும் தனிக் கணக்குப் புத்தகம் கொடுக்கவேண்டும். முன்பணத்திற்கு உச்சவரம்பு இருக்கவேண்டும். தந்தை கடனுக்கு மகனைப் பிணைக்கக்கூடாது. இவை யாருடைய நன்மைக்காக? முத்துக்குளிப்போருக்காகத்தான். பெருவணிகர்கள் எதிர்த்ததில் வியப்பில்லை. ஆனால் 1932 மே மாதத்தில் மனாமாவில் கலகம் செய்தவர்கள் முத்துக்குளிப்போரே! முஹர்ரக்கிலிருந்து திரண்டு வந்து காவல் நிலையத்தைத் தாக்கிச் சிறையிலிருந்த தம் தோழனை மீட்டனர். அடக்கும் முயற்சியில் உயிரிழப்பும் நேர்ந்தது.

அரசின் ஆலோசகராயிருந்த பெல்கிரேவ் முதலானோருக்கு இது நன்றிகெட்ட செயலாகத் தோன்றியிருக்கலாம். நமக்கு அப்படித் தோன்றவில்லை. முன்பணத்தைக் குறைத்தால் நாளடைவில் கடன் குறையும் என்பது உண்மை. ஆனால் இந்த மாதம் அடுப்பெரிவது முன்பணத்தால். விலை வீழ்ந்துவிட்ட ஓராண்டில், பருவ முடிவில் பங்கு எதுவும் வராது என்று தெரிந்தவனுக்கு, முன்பணம் ஒன்றே உறுதியான வருவாய். அது கடன் என்ற பெயரில் வந்தாலும் அவனைப் பொறுத்தவரை அதுவே கூலி. அடைக்கவே இயலாத கடன், கடனாகவா இருக்கிறது? சீர்திருத்தக்காரர்கள் சங்கிலியைக் கண்டனர். அதே சங்கிலியில்தான் அவன் சோற்றுப்பானையும் தொங்கியது என்பதைக் காணவில்லை. வேறு வழி ஒன்றைத் திறந்துவைத்த பின் இச்சட்டங்களைக் கொண்டுவந்திருந்தால் முத்துக்குளிப்போர் கலகம் செய்திருப்பரா என்பது ஐயமே.

விந்தை என்னவெனில், கலகம் நடந்த சில நாட்களுக்குள்ளாகவே, அதே பஹ்ரைனில் ஜபலுத் துக்கான் என்ற குன்றருகே எண்ணெய் பீறிட்டது. இதைக்கொண்டு, ‘முத்து போயிற்று, எண்ணெய் வந்தது’ என்று ஒரு வரியில் வரலாற்றை முடித்துவிடும் பழக்கம் ஏற்பட்டிருக்கிறது. பஹ்ரைனைப் பொறுத்தவரை அது ஓரளவு பொருந்தலாம். மற்ற இடங்களுக்குப் பொருந்தாது. குவைத்தில் எண்ணெய் கண்டது 1938 இல். உலகப்போர் குறுக்கிட்டதால் ஏற்றுமதி 1946 வரை காத்திருந்தது. கத்தாரில் 1949 இல்தான் முதல் ஏற்றுமதி. அபூதாபியில் 1962, துபையில் எண்ணெய் கண்டதே 1966 இல். அதாவது, சில ஊர்களில் முத்துக்கும் எண்ணெய்க்கும் இடையே முப்பது ஆண்டு இடைவெளி. ஒரு தலைமுறை! அத்தலைமுறை பட்ட பசியைப் பற்றி அங்குள்ள முதியவர்கள் மட்டுமே பேசிவந்தனர். கத்தாரின் கடலோர ஊர்கள் பல வெறிச்சோடின. துபையின் அஹ்மதிய்யா பள்ளி, நடத்தப் பொருளின்றி 1930களில் சில ஆண்டுகள் மூடிக்கிடந்தது. முத்துக்குளிப்போன் ஓர் ஆண்டு பட்டினி கிடந்ததை எந்த ஏடும் எழுதவில்லை. பள்ளியின் கதவு சாத்தப்பட்டதையாவது வரலாறு குறித்துவைத்தது.

வீழ்ந்த வணிகர்களும் சும்மா இருக்கவில்லை. முன்பு ஆட்சியாளர்கள் அவர்களிடம் பணம் பெற்றே ஆண்டனர். அதனால் வணிகர் சொல்லுக்கு மதிப்பிருந்தது. எண்ணெய் உரிமத் தொகை நேரே ஆட்சியாளர் கைக்கு வரத்தொடங்கியதும் அந்த மதிப்புக் குலைந்தது. 1938 இல் குவைத்திலும் துபையிலும் வணிகர் குடும்பங்கள் முன்னின்று ஆலோசனை மன்றங்கள் அமைத்ததும், அவை சில மாதங்களே நீடித்துக் கலைக்கப்பட்டதும் இப்பின்னணியில் நடந்தவை. ஆட்சிமுறை வரலாறு நம் கட்டுரையின் பொருளன்று என்பதால் இதை இம்மட்டோடு நிறுத்துகிறோம்.

எளியவர்களோ கால்நடையாகவும் தோணியிலும் புறப்பட்டனர். துபை, ஷார்ஜா, ராசல்கைமா இளைஞர்கள் 1940களிலும் 1950களிலும் பஹ்ரைனுக்கும் குவைத்துக்கும் சவூதியின் தம்மாம் பகுதிக்கும் சென்று எண்ணெய்க் கம்பெனிகளில் கூலிகளாக உழைத்து ஊருக்குப் பணம் அனுப்பினர். இன்று பிறநாட்டாரை வேலைக்கு வைத்திருக்கும் நாட்டினர், ஒருகாலத்தில் தாமே அண்டை நாட்டில் கூலிவேலைக்குப் போனவர்கள் என்பது நம்மில் பலருக்குப் புதிய செய்தியாக இருக்கும். கடலில் மூழ்கியவன் எண்ணெய்க் கிணற்றில் குழாய் பூட்டினான். நாள் கணக்கில் கூலி, மணிச்சங்கு ஊதினால் வேலை, வெள்ளிக்கிழமை விடுமுறை. உடலுக்கு ஆறுதல்தான். ஆனால் நஹ்ஹாமுக்கு அங்கே இடமில்லை. இயந்திரத்துக்குப் பாட்டுத் தேவைப்படவில்லை.

ஈண்டு நம் கடற்கரையையும் ஒப்பிட்டுப் பார்ப்பது பயனுடைத்து. மன்னார் வளைகுடாவின் முத்துப்பார்கள் கொற்கைக் காலந்தொட்டுப் புகழ்பெற்றவை. இக்கடலின் முத்துக்குளிப்பை மார்க்கோ போலோ வருணித்திருக்கிறார். கீழக்கரை முஸ்லிம்களும் தூத்துக்குடிப் பரதவரும் தலைமுறை தலைமுறையாக மூழ்கிய கடல் இது. இருபதாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் இலங்கையின் மரிச்சுக்கட்டிச் சலாபத்திற்கு வளைகுடா அரபியரும் வந்து நம்மவருக்கு அருகே மூழ்கியதுண்டு. 1905 ஆம் ஆண்டுச் சலாபத்தில் சுமார் 8 கோடிச் சிப்பிகள் எடுக்கப்பட்டன. அச்சலாபங்களில் அரசுக்கு மூன்றில் இரண்டு பங்கு, மூழ்கியவனுக்கு ஒரு பங்கு. அதை அன்றே சிப்பியாகக் கொடுத்துவிடுவர். அவன் கரையிலேயே விற்றுக் காசாக்கிக்கொள்வான். சலாபமோ சில வாரங்களே நடக்கும்; அடுத்தது எப்போது என்று சொல்ல இயலாது; பத்தாண்டு, இருபதாண்டுகூடப் பார்கள் வறண்டுகிடக்கும்.

இந்த நிச்சயமின்மையை நம் முன்னோர் பெரிய குறையாகவே பேசினர். ஆனால் அதுவே ஒருவகையில் அவர்களைக் காத்தது என்று நமக்குத் தோன்றுகிறது. முத்தை மட்டும் நம்பி எவரும் முன்பணம் கொடுக்கவில்லை. எவரும் பிழைக்கவும் இல்லை. சங்கு குளித்தனர், மீன் பிடித்தனர், கொழும்புக்கும் மலாய்க்கும் கலம் செலுத்தினர். தூத்துக்குடியில் 1961 இல் கடைசிச் சலாபம் நடந்து முடிந்தபோது வருத்தம் இருந்தது, ஊர் அழியவில்லை. அங்குள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் 1973 இல் வளர்ப்பு முத்தை உண்டாக்கிக் காட்டினர் என்பதும் குறிப்பிடத்தக்கது.

அதே 1973 இல்தான் எண்ணெய் விலை ஏறியது. நம் ஊர்களிலிருந்து வளைகுடாப் பயணமும் பெருகலாயிற்று. காயல்பட்டினம், கீழக்கரை, அதிராம்பட்டினம், கூத்தாநல்லூர் என்று எந்த ஊரை எடுத்தாலும் இது வீட்டு வரலாறு. விசாவுக்காக நகையை அடகு வைத்தும், நிலத்தை ஒத்திக்குக் கொடுத்தும், பயண ஏற்பாட்டாளருக்கு முன்கூட்டியே பணம் கட்டியும் புறப்பட்டவர்கள் முதல் ஓரிரு ஆண்டு ஊதியத்தை அக்கடனுக்கே கொடுத்தனர். அங்கே போனபின் வேறு முதலாளியிடம் மாறவேண்டுமானால் பழைய முதலாளியின் ஆட்சேபனையின்மைக் கடிதம் தேவைப்பட்டது. பாஸ்போர்ட்டும் பெரும்பாலும் அவர் கையிலேயே இருந்தது. பர்வாவைப் பற்றிப் படித்தபோது நமக்கு இக்கடிதத்தின் நினைவு வந்ததைத் தவிர்க்க இயலவில்லை. பழைய வழக்கம் அப்படியே சட்டமாக வளர்ந்தது என்று நாம் அறுதியிட்டுக் கூறவரவில்லை. ஆனால் ஆளைவிட ஆளின் கடனையும் சீட்டையும் பற்றிக்கொள்ளும் முறை அக்கரைக்குப் புதியதன்று என்பது தெளிவு. பஹ்ரைன் 2009 இலும் கத்தார் 2020 இலும் அக்கடிதத்தின் தேவையை நீக்கிச் சட்டம் செய்தன. நடைமுறையில் அது எவ்வளவு இறங்கியிருக்கிறது என்பதை அங்கிருந்து வரும் கடிதங்களே சொல்லும்.

ஒரு வேறுபாடும் உண்டு. முத்துக்குளிப்போனின் மனைவி நான்கு மாதம் காத்திருந்தாள். நம் பெண்கள் இரண்டாண்டு காத்திருந்தார்கள்.

பஹ்ரைனின் முஹர்ரக் நகரில் முத்துக் காலத்தின் எச்சங்கள் 2012 இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களில் சேர்க்கப்பட்டன. மூன்றரைக் கிலோமீட்டர் நீளும் பாதையொன்று கடற்கரைக் கோட்டையிலிருந்து தொடங்கி, பெருவணிகர்களின் மாளிகைகள், பள்ளிவாசல், நாகுதாக்களின் இல்லங்கள் வழியே செல்கிறது. கடலுள் இருக்கும் மூன்று முத்துப்பார்களும் அதில் அடங்கும். நஹ்ஹாம்கள் பாடிய ‘ஃபிஜ்ரி’ பாட்டுக்களும் 2021 இல் யுனெஸ்கோவின் பட்டியலில் இடம்பெற்றன. இவற்றைப் பாடிக் காக்கும் குழுக்கள் முஹர்ரக்கில் உள்ளன. மண்குடத்தைத் தட்டி, கைகொட்டி, அடிவயிற்றிலிருந்து ஓங்காரமாக எழும் ஒலியோடு அவர்கள் பாடுகின்றனர். அப்பாதையிலே மாளிகைகளுக்கு இடையே மூழ்குவோன் ஒருவன் குடியிருந்த வீட்டையும் விடாமல் பழுதுபார்த்து வைத்திருக்கிறார்கள். மற்றவற்றைப் பார்க்க அது மிகச் சிறியது.